மகள் விண்வெளிக்குப் போனால் கதிர்வீச்சு என்ன செய்யும்?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். விண்வெளி வீராங்கனை ஆகப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். சுனிதா வில்லியம்ஸ் 9 மாதம் அங்கே தங்கியதைப் பார்த்ததிலிருந்து இன்னும் அதிகம். கதிர்வீச்சால் புற்றுநோய் வரும், குழந்தை பிறக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா டாக்டர்?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. ஆனால் எவ்வளவு தூரம் போகிறார், எத்தனை நாள் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் மருத்துவர். என் சட்டையில் எப்போதும் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருக்கும். என் மேல் பட்ட கதிர்வீச்சை அது சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளந்து வாங்குவோம். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்தான் (உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு) உச்ச வரம்பு. பூமியில் இயற்கையாகவே எல்லோருக்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.4 கிடைக்கிறது. விண்வெளி நிலையத்திலோ ஒரு நாளைக்கே அரை மில்லிசீவர்ட், சில சமயம் அதற்கும் மேல். நாம் ஒரு வருடத்தில் வாங்குவதை அவர்கள் ஐந்தே நாளில் வாங்கிவிடுகிறார்கள். சுனிதா இருந்த 286 நாளைப் பெருக்கிப் பார்த்தால் 150-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வரும். 2025-இல் 18 நாள் தங்கி வந்த சுபான்ஷு சுக்லாவுக்கு இதே கணக்கில் 10 அளவில்தான். வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் ஆகிற அளவு அது.

பூமியில் நமக்கு இரண்டு போர்வை: காற்று மண்டலம், காந்தப் புலம். விண்வெளி நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில் காற்றுப் போர்வை போய்விடும், காந்தப் போர்வை ஓரளவு மிஞ்சும். நிலாவில் இரண்டும் கிடையாது. சீனாவின் சாங்'இ 4 கலம் நிலாத் தரையில் அளந்தபோது நாளுக்கு 1.37 மில்லிசீவர்ட் இருந்தது. செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி கலம் அளந்தது 1.8. போக, வர என்று கணக்கிட்டால் சுமார் 660. நாசா தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுக்க வைத்திருக்கும் வரம்பே 600தான். இப்போதைக்குச் செவ்வாய்ப் பயணத்தின் பெரிய முட்டுக்கட்டைகளில் ஒன்று இது.

அளவு மட்டுமல்ல, ரகமும் வேறு. எக்ஸ்ரே மணல் தூவினாற்போல உடலில் விழுகிறது என்றால், விண்வெளியில் வரும் இரும்பு அணுக்கரு கவண்கல். போகிற வழியில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் பக்கத்துப் பக்கத்திலேயே பல இடத்தில் அறுத்துவிடும். செல் அதை ஒட்டுப்போடும்போது துண்டுகள் மாறி ஒட்டிக்கொள்ளலாம். புற்றுநோய்க்கான விதை அங்கேதான் விழுகிறது. ஈயத் தகடு போட்டுத் தடுக்கலாமே என்பீர்கள். கனமான உலோகத்தில் மோதினால் அந்தத் துகள் சிதறி இன்னும் பல துகள்களைக் கிளப்பிவிடும். தண்ணீரும் பாலிதீனும் அதைவிட மேல்.

1969-இல் அப்பல்லோ 11-இல் போன பஸ் ஆல்ட்ரின், இருட்டில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் தெரிந்ததாகச் சொன்னார். பின்னால் போனவர்களும் கண்ணை மூடியபடியே புள்ளியும் கோடுமாகப் பார்த்தார்கள். துகள் கண்ணுக்குள் பாய்ந்து போன தடம் அது. என்னிடம் தலைக்குச் சிகிச்சை எடுக்கும் சிலரும், "கண்ணை மூடித்தான் இருந்தேன் டாக்டர், நீலமா ஒரு வெளிச்சம் வந்துச்சு" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் நிலாவுக்குப் போன அவர்கள் நினைவுதான் எனக்கு வரும்.

கண்ணில்தான் தெளிவான பாதிப்பும் தெரிந்தது. 2001-இல் வந்த ஓர் ஆய்வில் கண்புரை வந்த 39 முன்னாள் வீரர்களில் 36 பேர் அதிகக் கதிர்வீச்சுள்ள பயணங்களில் போனவர்கள். கண்புரைக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. புற்றுநோய் விஷயத்தில், விண்வெளி சென்றவர்களிடம் அதனால் இறப்பு கூடியதாக இதுவரை தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் போனவர்களே சில நூறு பேர்தான். அதை வைத்து ஆபத்தே இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பெண்ணுக்கு ஒரு விஷயம் கூடுதல். ஒரே அளவு கதிர்வீச்சுக்கு மார்பக, நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பெண்களுக்குச் சற்று அதிகம். அதனால் முன்பு நாசா பெண்களுக்குக் குறைந்த வரம்பு வைத்திருந்தது. அவர்களுக்குப் பயண நாளும் குறைந்தது. இப்போது எல்லோருக்கும் ஒரே 600. இது நியாயமான மாற்றம் என்பேன். 2022-இல் ஆர்ட்டெமிஸ் 1 கலம் நிலாவைச் சுற்றியபோது ஹெல்கா, சோஹர் என்று இரண்டு பெண் உடல் பொம்மைகளை ஏற்றினார்கள். சோஹருக்கு மட்டும் கவச உடை. பெண் உடலில் எங்கே எவ்வளவு படுகிறது என்று அளக்கத்தான் அந்த ஏற்பாடு.

சரி, குழந்தை? அதிக அளவு கதிர்வீச்சு கருமுட்டையைப் பாதிக்கும் என்பது உண்மை, அதனால் நீண்ட பயணத்துக்கு முன் முட்டையை உறையவைத்துச் சேமிப்பது நல்ல யோசனை. ஜப்பானியர்கள் உறைய வைத்து உலர்த்திய எலி விந்தணுவை விண்வெளி நிலையத்தில் ஏறக்குறைய ஆறு வருடம் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து கருவூட்டினார்கள். குட்டிகள் ஆரோக்கியமாகவே பிறந்தன. மனிதர்களில் பாருங்கள்: 1963-இல் விண்வெளி சென்ற முதல் பெண் வாலெந்தினா தெரஷ்கோவா, அதற்கு முந்தைய வருடம் போய் வந்த நிகோலாயெவைத் திருமணம் செய்தார். 1964-இல் மகள் எலேனா பிறந்தாள். தாய், தந்தை இருவருமே விண்வெளிக்குப் போய் வந்த முதல் குழந்தை அவள். வளர்ந்து டாக்டர் ஆனாள்.