2024இல் ஈகிள்ஸ் அணியை மாற்றியது பார்க்லி மட்டும்தானா?

2023இல் முதல் 11 ஆட்டங்களில் 10ஐ வென்று, கடைசி 6இல் 5ஐத் தோற்ற அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், அடுத்த பருவத்திலேயே லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாரும் பந்தைச் சுமந்து ஓடும் சேக்வான் பார்க்லியைத்தான் சொல்வார்கள். நியாயம்தான், 2,005 கெஜம் ஓடினார். அவர் வந்தது அதே பிரிவிலுள்ள நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து. பிரிவு அணிகள் ஆண்டுக்கு இருமுறை மோதுவதால், விட்டவர்களுக்கு வலி இரட்டிப்பு.

ஆனால் அவருக்கு வழி திறந்தது, எதிரணியைத் தடுத்து நிறுத்தும் முன்வரிசை. அதன் நடுவில் நிற்கும் சென்டர் ஜேசன் கெல்சி ஓய்வுபெற்றதும், அவருக்குப் பக்கத்தில் வலது கார்டாக இருந்த கேம் ஜர்கன்ஸை நடுவுக்கு நகர்த்தினார்கள். காலியான இடத்துக்கு, கார்டுக்கும் வெளியே நிற்கும் டாக்கிளாகவே ஆடிப் பழகிய ஆஜானுபாகு மெக்கை பெக்டன்.

பணம் கொட்டிய இடம் சறுக்கியது: 3 ஆண்டுக்கு 5.1 கோடி டாலர் என்று எடுத்த பிரைஸ் ஹஃப், பந்தை எறியும் எதிரணி ஆட்டக்காரரான குவாட்டர்பேக்கை வீழ்த்தியது 2.5 முறைதான். வெறும் 35 லட்சம் டாலருக்கு, ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த ஸாக் பானோ, தற்காப்பு வரிசையின் விளிம்பிலிருந்து, அதன் பின்னால் நடுவில் நிற்கும் லைன்பேக்கராக மாறி, லீக்கின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலான ஆல்-ப்ரோவில் இடம்பெற்றார். தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபேன்ஜியோவின் கைவண்ணம் அது. புதுமுகங்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் தேர்வில் (டிராஃப்ட்) 22ஆம், 40ஆம் இடங்களில் எடுத்த மிட்செலும் டிஜீனும் தற்காப்பின் பின்களத்தை அடைத்தார்கள்.

பிரிவிலுள்ள எதிரணிகளும் சும்மா விடவில்லை. புதுமுகக் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் வந்த வாஷிங்டன் 12 ஆட்டம் வென்றது. டிசம்பரில் ஈகிள்ஸையே 36-33 என்று வீழ்த்தியது.