தனி வகுப்பு எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கிறார்கள், ஒழுக்கத்துக்கும் குடிமைப் பண்புக்கும் தனி வகுப்பு இல்லை. வாரம் ஒரு பாடவேளையாவது நீதிபோதனைக்கு ஒதுக்க வேண்டாமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு.

பதில்: உங்கள் கேள்வியில் 'தனி' என்றொரு சொல் இருக்கிறது. பள்ளியைப் பற்றிய பேச்சில் அச்சொல்லைக் கேட்டாலே என் நெஞ்சை ஒரு பழைய நினைவு அறுக்கும். நான் மூன்றாம் வகுப்புப் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை நீதிபோதனைக்கு உரியது. ஆசிரியர் அருமையாகக் கதை சொல்வார். மணியடித்ததும் தாழ்வாரத்து மண்பானையிடம் ஓடுவோம். நாங்களெல்லாம் குவளையால் மொண்டு குடிக்க, என் பக்கத்தில் அமர்ந்து அதே கதையைக் கேட்ட ஒருவன் மட்டும் இரு கைகளையும் குவித்து நிற்பான். வேறொருவன் உயரத் தூக்கி ஊற்றுவான். அப்படிச் செய்யும்படி எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. செய்யாதே என்று தடுக்கவும் இல்லை. அன்று கேட்ட கதைகளில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. குவிந்த அந்தக் கைகளை நான் மறக்கவில்லை.

தீண்டாமை பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று நம் மாநிலப் பாடநூல்களின் முன்பக்கத்தில் நெடுங்காலமாக அச்சிட்டு வருகிறோம். அது அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைப் படித்த பிள்ளை, மதிய உணவுக்கு யார் அருகில் யார் உட்காருகிறார்கள், கழிப்பறையைக் கழுவ யார் வீட்டுப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்பதையும் பார்க்கிறது. இரண்டும் முரண்பட்டால் பார்த்ததையே நம்புகிறது. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், ஒரே அடுப்பில் வெந்ததை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உண்ணும் வாய்ப்பைத் தந்திருக்கின்றன. சமைப்பவரின் சாதியைக் கேட்டுப் பிள்ளையை எழுப்பிக்கொண்டு போகும் பெற்றோரைப் பற்றிய செய்திகள் இன்னும் வருகின்றன. அத்தகைய நாளில் தலைமையாசிரியர் தாமும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டால், அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

குடிமைப் பண்புக்கும் வெளியே போக வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளோரைடால் பற்களில் கறையேறிய பெரியவர்கள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். குழாய் வருமுன் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு வந்து வகுப்பில் சொல்லட்டும். பிறகு சொட்டும் குழாயை மூடச் சொல்லி யாரும் அதட்ட வேண்டியிராது.

ஒழுக்கத்துக்கு மதிப்பெண் தர வேண்டும் என்போரோடு இப்பக்கத்தில் பலமுறை வாதிட்டிருக்கிறேன், இப்போதும் மறுக்கிறேன். மாற்றுச் சான்றிதழில் நடத்தைக்கென்று ஓரிடம் இருக்கிறது; ஏறக்குறைய எல்லாருக்கும் அங்கே 'நன்று' என்றே எழுதுகிறோம். அதை மதிப்பெண்ணாக மாற்றினால், ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் நல்லவராக இருக்கப் பிள்ளைகள் பழகுவார்கள். அதியமான் ஆண்ட தகடூர் நம் தருமபுரிதான். அவன் நெல்லிக்கனி தந்ததைப் பாடும் புறநானூற்று 91ஆம் பாட்டில், கனியின் பயனைச் சொல்லாமல் தன் உள்ளத்துள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தானே என்றுதான் ஔவையார் உருகுகிறார். ஆண்டுவிழா நாடகங்களிலோ கனியின் பெருமையை அவன் வாயாலேயே நெடுநேரம் பேச வைக்கிறோம். அந்த வசனத்தை நீக்கிவிட வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். பிள்ளைகள் எப்படி அமர்ந்து உண்கிறார்கள், கழிப்பறையை யார் கழுவுகிறார்கள் என்ற இரண்டையும் கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.