வேகம்: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸில் ஹெண்ட்ரிக் அணி 300 ரேஸுக்கு மேல் ஜெயித்திருக்கிறதாமே? எல்லாம் ஒரே டிரைவரா?
– வாசகர், கோவை

இல்லை. நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் ஒரு முதலாளி பல கார்களை இறக்கலாம்; ஹெண்ட்ரிக்குக்கு நான்கு. அதில் எது ஜெயித்தாலும் அணிக் கணக்கில் ஏறும். முதல் வெற்றி 1984 ஏப்ரல் 29, மார்ட்டின்ஸ்வில்லில் ஜெஃப் போடைன் வாங்கித் தந்தது. கையில் காசில்லாமல் அணியை இழுத்து மூட இருந்த நேரம் அது. பெட்டி குடும்பத்தின் (Petty) அணி வைத்திருந்த 268 வெற்றிச் சாதனையை 2021 மே மாதம் சார்லட் 600 மைல் ரேஸில் கைல் லார்சன் தாண்ட வைத்தார். 300ஆவது வெற்றி 2023இல், வாட்கின்ஸ் கிளென்னில் வில்லியம் பைரனுடையது.

ஆண்டு சாம்பியன் பட்டங்கள் 2025 வரை 15. ஜிம்மி ஜான்சன் 7 (2006 முதல் 2010 வரை விடாமல் ஐந்து), ஜெஃப் கோர்டன் 4, லார்சன் 2, டெர்ரி லபான்ட்டியும் சேஸ் எலியட்டும் ஆளுக்கொன்று.

ஒரு வேடிக்கை: 2022 போகோனோ ரேஸில் எலியட் ஒரு சுற்றுகூட முன்னிலையில் இல்லை, கோட்டைத் தாண்டியது மூன்றாவதாக. முன்னால் வந்த, போட்டி அணியான கிப்ஸின் இரண்டு கார்களின் மூக்கில் ஸ்டிக்கருக்கு அடியில் கூடுதல் டேப் இருந்ததால் இரண்டும் தகுதி நீக்கம். அந்த வெற்றியும் கணக்கில் இருக்கிறது.

2021 பட்டத்தை லார்சன் ஓட்டி ஜெயிக்கவில்லை, பிட் ஆட்கள் ஜெயித்துக் கொடுத்தார்கள் என்கிறான் நண்பன். சரியா?
– வாசகர், திருச்சி

பாதிக்கு மேல் சரி. பட்டத்தைத் தீர்மானிக்கும் பீனிக்ஸ் இறுதி ரேஸில் சுமார் 30 சுற்று மிச்சம் இருக்கும்போது மஞ்சள் கொடி, அதாவது எல்லோரும் வேகம் குறைத்து வரிசையில் போக வேண்டும். லார்சன் நான்காவதாகப் பிட்டுக்குள் (டயர் மாற்றி, பெட்ரோல் போடும் இடம்) போனார், முதலாவதாக வெளியே வந்தார். நின்ற நேரம் 11.8 விநாடி.

அப்போது சக்கரத்துக்கு ஐந்து நட்டு. பிட் சுவரைத் தாண்டிக் குதித்துக் காரைக் கவனிப்பவர்கள் ஐந்து பேர்: டயர் மாற்ற இருவர், டயர் தூக்க ஒருவர், ஜாக் ஒருவர், பெட்ரோல் ஒருவர். முதலில் வலப்பக்கம். ஜாக் ஏறியதும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நட்டுகளைக் கழற்றுவார்கள். புதுச் சக்கரத்தில் நட்டுகளை முன்கூட்டியே பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நட்டு முடுக்கும் துப்பாக்கியை வைத்து முடுக்க வேண்டியதுதான். அப்புறம் எல்லோரும் இடப்பக்கம் ஓட வேண்டும். சக்கரம் ஆணிகளில் கோணலாக உட்கார்ந்து ஒட்டிய நட்டு ஒன்று உதிர்ந்தாலே விநாடிகள் போய்விடும். அவசரத்தில் தளர்வாக விட்டால் மறுபடி பிட்டுக்கு வர வேண்டியதுதான்.

இன்னொன்றை உங்கள் நண்பர் விட்டுவிட்டார். தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்ததால் வெளியேறும் வழியை ஒட்டிய முதல் பிட் பெட்டியை லார்சன் தேர்ந்தெடுத்திருந்தார். முன்னால் வேறு கார் நிற்காது. ஸ்டீயரிங்கை வளைக்காமல் நேராகப் பாயலாம். அந்த இடத்தைச் சம்பாதித்தது டிரைவர்தானே! 2022 முதல் சக்கரத்துக்கு நடுவில் ஒரே நட்டு. 10 விநாடிக்குள் முடிப்பது இப்போது சாதாரணம்.

2023இல் ஹெண்ட்ரிக் அணிக்கு நான்கு லட்சம் டாலர் அபராதம் ஏன்?
– வாசகர், மதுரை

பானெட்டில் இருக்கும் காற்றுத் துவாரத் தட்டுகளால். ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று அவற்றின் வழியே மேலே வெளியேறும். அந்த ஓட்டத்தை மாற்றினால் முன்பக்கம் தரையை அழுத்தும் பலமும் மாறும். அதனால் அந்தத் தட்டு எல்லா அணிக்கும் ஒரே கம்பெனியிலிருந்து வருவது. கை வைக்கக் கூடாது. பீனிக்ஸில் நான்கு கார்களின் தட்டுகளையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டு போனார்கள்.

நான்கு தலைமை மெக்கானிக்குகளுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம், நான்கு ரேஸ் தடை. கூடவே புள்ளிகளும் வெட்டு. அப்பீலில் புள்ளிகள் மட்டும் திரும்பக் கிடைத்தன. தட்டுகள் பறிபோன அதே வாரம் பீனிக்ஸில் ஜெயித்தது பைரன். தடைக்காலத்துக்குள்ளேயே, மாற்று ஆளை வைத்துக்கொண்டு, ரிச்மண்டில் ஜெயித்தது லார்சன்.