தண்டச்சோறு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் கிளேட்டனில் இருக்கிறேன். ஊரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். மெல்பேர்ணுக்கு வந்த இந்தப் பதினொரு வருடத்தில் ஃபுட்டி என்கிற அவுஸ்திரேலியக் கால்பந்தில் முழுப் பைத்தியமாகிவிட்டேன். நாங்கள் நாலு நண்பர்கள், நாலு பேருக்கும் ஒரே அணி. ஆட்டம் முடிந்த இரவு யாராவது ஒருவர் வீட்டில் கூடி விடியும்வரை அலசுவோம். யார் எங்கே நின்றிருக்க வேண்டும், பயிற்சியாளர் எந்த இடத்தில் பிழைவிட்டார், அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் அடுத்த வருடத் தெரிவில் யாரை எடுக்கலாம் என்று பேச்சு நீளும். இதையெல்லாம் தமிழில் எழுதினால் என்ன என்று ஓர் ஆசை. ரக், மார்க், ஹேண்ட்பால், டக்கிள் இவற்றுக்கு என்ன தமிழ்ச்சொல் பாவிக்கலாம்? உங்கள் ஆலோசனை வேண்டும்.

மாதிரிக்கு ஒரு கட்டுரை இணைத்திருக்கிறேன். அதில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறேன். 2019இல் வந்த 6-6-6 விதியோடு பின்னால் ஆள் குவித்துத் தடுக்கும் ஆட்டம் செத்துவிட்டது. கோலுக்கு முன்னால் கீறிய 50 மீற்றர் வளைவுக்குள் எத்தனை தடவை பந்து போனது என்பதுதான் ஓர் அணியின் உண்மையான அளவுகோல். மூன்றாவது, எங்கள் அணியில் இருக்கும் இருபது வயதுப் பெடியன். முதல் சுற்றில் எடுத்த ஆள். இரண்டு வருடத்தில் ஒன்பதே ஆட்டம். ஓர் ஆட்டத்தில் எட்டுத் தடவைகூடப் பந்து தொடுவதில்லை. சுத்தத் தண்டச்சோறு. இந்த வருட முடிவில் அவனை வேறு அணிக்குத் தள்ளிவிடவேண்டும் என்று காரணங்களோடு எழுதியிருக்கிறேன்.

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னர் ஒரு வேலையாகக் கார்ல்டன் பக்கம் போனவன், பிரின்சஸ் பார்க் மைதானத்தைக் கண்டதும் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் வேலியோரம் நின்றேன். அங்கே எனக்கு ஒரு மனிதரின் ஞாபகம் வரும். அது கரையாமல் இருக்கும்போதே உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனோ தெரியாது. ஃபுட்டி பற்றிக் கடிதம் எழுதுகிற தமிழரைக் கண்டு சந்தோசப்பட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன்.

சொற்களைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்காதீர்கள். மார்க்கை மார்க் என்றே எழுதுங்கள். ‘பதினைந்து மீற்றருக்குக் குறையாமல் பறந்து வந்த உதையை நிலத்தில் விழமுன் பிடித்தான்’ என்று ஒருதரம் சொல்லிவிட்டால் பிறகு சனம் பிடித்துக்கொள்ளும். விக்கெட்டுக்குத் தமிழ் தேடியா உங்கள் அப்பா கிரிக்கெட் பார்த்தார்?

6-6-6 விதியைப் பற்றி நீங்கள் எழுதியது பிழை. அந்த விதி நடுவட்டத்தில் ஆட்டம் தொடங்கும் அந்த நேரத்துக்கு மட்டும்தான். ஒவ்வோர் அணியிலும் இரண்டு வளைவுக்குள்ளும் ஆறாறு பேர், நடுவில் ஆறு பேர் நிற்கவேண்டும். பந்து கிளம்பியபிறகு யார் எங்கே ஓடினாலும் கேட்பாரில்லை. ஓஃப்சைட் என்ற ஒன்றே இல்லாத விளையாட்டு இது. 2000ஆம் ஆண்டு பயிற்சியாளர் டெறி வொலஸ் தன் புல்டோக்ஸ் அணியைப் பின்னுக்கு இழுத்துக் குவித்து, இருபது ஆட்டம் தொடர்ந்து வென்றுவந்த எசெண்டனைச் சாய்த்தாரே, அந்தப் புத்தி இன்றைக்கும் வேறு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்கிறது. திருத்தி எழுதுங்கள்.

வளைவுக்குள் பந்து போன எண்ணிக்கையா? 2008 இறுதியாட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஜீலோங் 11 கோல், 23 பிஹைண்ட். ஹோதோர்ன் 18 கோல், 7 பிஹைண்ட். நடுக் கம்பங்களுக்குள் உதைத்த கோலுக்கு 6 புள்ளி, பக்கத்தால் கோட்டைத் தாண்டிய பிஹைண்டுக்கு 1. கூட்டினால் 89க்கு 115. வாசலில் 34 தடவை தட்டியவன் தோற்றான், 25 தடவை தட்டியவன் கிண்ணத்தோடு வீட்டுக்குப் போனான். அந்த 23இல் பாதிக்குக் கிட்ட, ஹோதோர்ன்காரர் நெருக்கடியில் தாங்களாகவே பந்தைக் கோட்டுக்கு அப்பால் தள்ளி ஒரு புள்ளியைத் தானம் செய்து தப்பியது. அடுத்த வருடமே வேண்டுமென்று அப்படிச் செய்வதைத் தடுத்து விதி கொண்டுவந்தார்கள். எண்ணிக்கையை நம்புவதென்றால் அந்த எண் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சரி, இதை விடுங்கள்.

நான் எழுத வந்தது உங்கள் மூன்றாவது விஷயத்தைப் பற்றி. அந்தப் பெடியனின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து நான் வெட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

தண்டச்சோறு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் எனக்குப் பழக்கம். ஏ.எல். பரீட்சை முதல்தரம் சரிவராமல் வீட்டில் இருந்த வருடம் பெரியப்பா அதைச் சொல்லுவார். என்னைப் பார்த்துச் சொல்லமாட்டார், நல்ல மனுசன். நான் கோப்பையைக் கையில் எடுக்கும்போது முற்றத்தில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து, ‘இதுவும் ஒரு தண்டச்சோறு’ என்பார். நாய் வாலை ஆட்டும். எனக்குச் சோறு இறங்காது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உங்கள் பெடியனைவிட ஒரு வயது குறைவு. ஆனால் என்னைச் சொன்னதை இரண்டு காதுதான் கேட்டது, அவனைச் சொல்வதை ஊரே கேட்கிறது.

ஜாக் வொட்ஸ் என்று ஒருவர் ஆடினாரே, உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் வருவதற்கு முன்பே தொடங்கிய கதை. 2008 தெரிவில் முதலாவது ஆள். மெல்பேர்ண் அணி எடுத்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம் இன்னும் முடியவில்லை. 2009 ஜூன் மாதம், மகாராணி பிறந்தநாள் விடுமுறையன்று, எம்.சி.ஜி. என்கிற மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் கொலிங்வூட்டுக்கு எதிராக இறக்கினார்கள். பந்து கைக்கு வந்த மாத்திரத்தில் எதிரணிக்காரர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஏறி விழுந்தார்கள். நான் அன்று தொலைக்காட்சியில் பார்த்தேன். நெட்டையான மெல்லிய பெடியன், மரவள்ளித்தடி மாதிரி. எழும்பி நின்றபோது முகத்தில் இருந்தது வலியல்ல, வெட்கம். அன்றிலிருந்து எட்டு ஒன்பது வருடம் அந்த மனிதனை இந்த நகரம் விடவில்லை. முதலாவதாக எடுத்த ஆள் இவ்வளவுதானா, முதலாவதாக எடுத்த ஆள் இவ்வளவுதானா என்று ஒரே பல்லவி.

அவரைச் சுற்றி அந்தக் கழகம் எந்த நிலையில் இருந்தது என்பதை யார் எழுதினார்கள்? 2011இல் ஜீலோங்கிடம் 186 புள்ளியால் தோற்றார்கள். நூற்று எண்பத்தாறு! அதோடு பயிற்சியாளர் பெய்லி போனார். அடுத்து வந்த நீல்டை 2013இல் பருவத்தின் நடுவிலேயே அனுப்பினார்கள். பிறகு ரூஸ், பிறகு குட்வின். ஒருவர் முன்னால் ஆடு என்பார், ஒருவர் பின்னால் போ என்பார். வேலியும் இல்லை, தண்ணீரும் இல்லை, வருடத்துக்கு ஒரு தோட்டக்காரன். கன்று காய்க்கவில்லை என்று கன்றைப் போட்டு மிதிக்கிறோம். 2017 முடிவில் அவரை போர்ட் அடிலெய்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே கழகம் 2009இல், அதாவது வொட்ஸை எடுத்த அடுத்த வருடமே, 34ஆவது தெரிவாக ஒரு நெட்டையனை எடுத்தது. மாக்ஸ் கோன். 2010இல் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை, முழங்கால். முதல் ஆட்டம் 2011இல். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரரைத் தெரிந்து அறிவிக்கும் அகில அவுஸ்திரேலிய அணியில் முதன்முதலில் இடம் கிடைத்தது 2016இல். ஏழு வருடம், கே. உங்கள் கணக்குப்படி இரண்டாம் வருட முடிவில் மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். 2021இல் பேர்த் நகரில் 57 வருடக் காத்திருப்புக்குப் பிறகு மெல்பேர்ண் கிண்ணத்தைத் தூக்கியபோது அணித்தலைவராகத் தூக்கியது அவர்தான்.

இவர் உழைத்தார், அவர் உழைக்கவில்லை என்று உடனே சொல்லாதீர்கள். 34ஆவதாக வந்தவனை யாரும் கவனிக்கவில்லை, ஆறுதலாக வளர்ந்தான். முதலாவதாக வந்தவனுக்கு அந்த இருட்டு கிடைக்கவில்லை. நெட்டையர்களுக்கு உடம்பு இறுக வருடம் பிடிக்கும். முப்பது வயது ஆளின் தோளோடு தோள் மோதிப் பந்துக்கு எழும்பவேண்டும். இருபது வயதில் எலும்பு தயார், தசை தயாரில்லை. உங்கள் பெடியனும் நெட்டையன்தானே? கட்டுரையில் அவன் உயரத்தை எழுதிய நீங்கள் அதை ஒரு காரணமாக யோசிக்கவில்லை.

ஓர் ஆட்டத்தில் எட்டுத் தடவைகூடத் தொடுவதில்லை என்கிறீர்கள். தொடாத நேரத்தில் என்ன செய்தான்? அதை எங்கே பார்த்தீர்கள்? தொலைக்காட்சியில் பார்க்கமுடியாது. எம்.சி.ஜி. கிட்டத்தட்ட 160 மீற்றர் நீளம், 36 பேர் உள்ளே. கமரா பந்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடும், ஒரு தடவைக்குப் பத்துப் பேரைக் காட்டும். மிச்சம் இருபத்தாறு பேர் செய்த வேலையை விட்டுவிட்டு விடியும்வரை அலசுகிறீர்கள்.

பிரின்சஸ் பார்க்கில் நான் நினைத்த மனிதர் இதைத்தான் எனக்குக் காட்டினார். 1989இல் நான் வந்தபோது டண்டெனோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. என் பக்கத்து மெஷினில் ஒரு கிரேக்கர். அறுபதுகளில் கப்பலில் வந்தவர், கார்ல்டன் அணி வெறியர். நான் அவரை ஐயா என்பேன். தன் பெயரை நான் தமிழில் அப்படி உச்சரிக்கிறேன் என்றே கடைசிவரை நினைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை, இரவு வேலை முடிந்த நித்திரைக் கண்ணோடு என்னை பிரின்சஸ் பார்க்குக்குக் கூட்டிப்போனார். வேலியோரம் நின்றோம். மழைத்தூறல். நான் பந்து எங்கே எங்கே என்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார். ‘பந்தை விடு, இவனைப் பார்’ என்றார். இளம் முன்வரிசைப் பெடியன் ஒருவன். சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியைக் கிழித்து, உள்பக்க வெள்ளை மட்டையில் பென்சிலால் கோடு போடத் தொடங்கினார். அந்தப் பெடியன் பந்து கேட்டு ஓடும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு. பந்து கிடைத்தால் அந்தக் கோட்டின்மேல் ஒரு புள்ளி. முதல் கால்பகுதி முடிந்தபோது பதினேழு கோடு, மூன்று புள்ளி. ‘பதினாலு தரம் சும்மா ஓடினான்’ என்றேன். ஐயா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கமாட்டேன். அந்தப் பதினாலு தரமும் அவனோடு ஒரு தடுப்பாளன் ஓடினான், அந்த இடம் வெறுமையானது, அங்கேதான் மற்றவன் வந்து பிடித்தான் என்று கையால் காற்றில் படம் கீறிக் காட்டினார். பிறகுதான் எனக்கு ஆட்டம் தெரியத் தொடங்கியது.

இந்தக் கோடு போடும் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1970 இறுதியாட்டத்தைப் பற்றி மெல்பேர்ணில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட எவரிடம் கேட்டாலும் நான் அங்கே இருந்தேன் என்பார்கள். எம்.சி.ஜி.யில் அன்று 121,696 பேர், கேட்டுப்பார்த்தால் பத்து லட்சம் வரும். ஐயாவும் அங்கே இருந்தாராம். இடைவேளையில் கார்ல்டன் 44 புள்ளி பின்னால். பயிற்சியாளர் றொன் பராசி உள்ளே போய், ஹேண்ட்பால், ஹேண்ட்பால் என்று, அதாவது உதைக்காமல் கை முட்டியால் குத்திக் கொடுங்கள் என்று கத்தி அனுப்பினார். பத்துப் புள்ளியால் வென்றார்கள். இடைவேளையோடு இறக்கிவிட்ட பத்தொன்பதாவது ஆள் டெட் ஹொப்கின்ஸ், நாலு கோல் போட்டார். அந்தக் காலத்தில் பத்தொன்பதாவது ஆள் என்றால் பாதி நாள் குளிருக்குப் போர்த்திக்கொண்டு வாங்கில் இருப்பவன். மாறி மாறி உள்ளே வெளியே போகும் முறை 1978இல்தான் வந்தது. நீங்கள் அன்று இருந்திருந்தால் ஹொப்கின்ஸை என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மொத்தமே 29 ஆட்டம் ஆடியவர், அடுத்த வருடத்தோடு விலகிவிட்டார். கவிதை எழுதினார். பிறகு தொண்ணூறுகளில் சாம்பியன் டேட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆம், நீங்கள் கட்டுரையில் அள்ளிக் கொட்டியிருக்கும் எண்களெல்லாம் அந்த வீட்டுச் சரக்கு. யார் எத்தனை தடவை தொட்டான் என்று இந்த நாட்டுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது ஒரு வாங்குக்காரன், கே.

ஐயா அந்த நாலு கோலையும் எனக்கு எத்தனையோ தரம் விபரித்திருக்கிறார். எந்தப் பக்கத்துக் கம்பம், எந்தக் கால், பந்து எப்படி வளைந்தது என்று. ஒரு நாள் விடிய மூன்று மணி இருக்கும், மெஷின் பழுதாகி எல்லோரும் சும்மா இருந்தோம். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, ‘நான் அதைப் பார்க்கவில்லை’ என்றார். இடைவேளையில் எழும்பிப் போய்விட்டாராம். அந்தச் சின்னப் பெடியனை இறக்கப்போகிறார்கள் என்று யாரோ சொன்னதும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் துப்பிவிட்டு ரயில் ஏறியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு வானொலியில் சனத்தின் சத்தம் கேட்டதாம். இருபது வருடம் எல்லோருக்கும் பொய் சொல்லிவந்திருக்கிறார், மனைவிக்கும் சேர்த்து. கோடு போடுகிற பென்சில் அதற்குப் பிறகு வாங்கியது.

அன்று இடைவேளையில் அவர் சொன்ன கெட்ட வார்த்தையை எனக்குக் கிரேக்க மொழியில் சொல்லித் தந்தார். கருத்துக் கேட்டேன். சோற்றுக்கு மட்டும் ஆனவன் என்பது மாதிரி ஏதோ சொன்னார்.

உங்கள் பெடியன் இந்தச் சனிக்கிழமை அடுத்த படிப் போட்டியான வீ.எஃப்.எல். ஆட்டத்தில் இருப்பான், அவனை அங்கேதானே போட்டிருக்கிறார்கள். அந்த மைதானங்களில் வேலிக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். நண்பர்கள் மூன்று பேரையும் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். ஒரு பென்சில் கொண்டுபோங்கள். சிகரெட் பெட்டி இப்போது சரிவராது, ஒரு பழைய கடித உறை போதும். நாலு கால்பகுதியும் அவனை மட்டும் பாருங்கள். கடைசிச் சைரன் அடிக்குமட்டும் நில்லுங்கள். உறையை எனக்கு அனுப்புங்கள். கட்டுரையை அதற்குப் பிறகு பார்ப்போம்.

டக்கிளுக்குத் தமிழ் கேட்டிருந்தீர்கள், மறந்துபோனேன். டக்கிள் என்றே எழுதுங்கள்.