காய்ச்சல் வந்ததால் அடுத்த ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: மகனுக்கு நான்கு மாதம். ஒன்றரை மாத ஊசி போட்ட அன்று காய்ச்சல். இரவு பால் குடிப்பதும் அழுவதுமாகவே இருந்தான். மெடிக்கலில் கேட்டு நிமெசுலைடு சிரப் கொடுத்தோம். தொடையில் கட்டி இன்னும் இருக்கிறது. பிறந்ததும் கையில் போட்ட ஊசி சீழ் வைத்து ஆறியது. இனி ஊசியே வேண்டாம் என்கிறார் மாமியார். வாட்ஸ்அப்பிலும் பயமுறுத்துகிறார்கள். போட்டவரை போதாதா?
- ஒரு தாய், குளச்சல்

பதில்: போதாது. ஒன்றரை மாதத்தில் போட்டது பென்டாவேலன்ட், ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி. அது மூன்று தவணை. அதில் கக்குவான் இருமலுக்கான மருந்தும் உண்டு. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத்தான் அந்த இருமல் மிக ஆபத்து. இந்த வயதில் பெரிய இருமல்கூட வராது; மூச்சு நின்று நின்று குழந்தை நீலம் பாரித்துப்போகும். உங்கள் மகன் இப்போது ஒரு தவணைப் பாதுகாப்போடு மட்டும் இருக்கிறான். எனக்குக் கவலை அதுதான், அன்று வந்த காய்ச்சல் இல்லை.

கையில் சீழ் வைத்து ஆறியது, காசநோய்க்கான பிசிஜி ஊசி பிடித்ததன் அடையாளம். தொடைக் கட்டி சிவக்காமல், சூடில்லாமல், பெரிதாகாமல் இருந்தால் விட்டுவிடுங்கள், தானே கரையும். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். ஊசியால் ஆட்டிசம் வரும் என்று கிளப்பிவிட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் குழந்தை திடீரென்று வெளிறி, கைகால் துவண்டு, கூப்பிட்டாலும் தட்டினாலும் கவனிக்காமல் கிடந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். வலிப்பு வந்தாலும் அப்படித்தான். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டுபோங்கள். அப்படி நடந்த குழந்தைக்கு அடுத்த தவணையை டாக்டர் யோசித்துத்தான் முடிவு செய்வார். உங்கள் மகன் இடையிடையே பால் குடித்திருக்கிறான். அவனுக்கு அது நடக்கவில்லை.

நிமெசுலைடு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதை 2011லேயே தடை செய்துவிட்டார்கள். பாராசிட்டமால் போதும், அதுவும் நர்ஸ் எடை பார்த்துச் சொல்லும் அளவில். பாராசிட்டமாலிலேயே சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்து பல மடங்கு வீரியமானது. சிரப் அளவில் அதை ஊற்றினால் கல்லீரல் கெடும்.

வரும் புதன்கிழமை தடுப்பூசி அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இப்போது இரண்டாவது, நான்கு வாரம் கழித்து மூன்றாவது. விட்டுப்போன மற்ற மருந்துகளையும் அன்றே கொடுப்பார்கள், பயப்படாதீர்கள். மாமியாரையும் கூட்டிப்போங்கள், அவர் கேட்பதை நர்ஸிடமே கேட்கட்டும். இந்தத் தடவையும் காய்ச்சல் வரலாம். இரண்டு நாளைத் தாண்டினால் மட்டும் ஊசிக் காய்ச்சல் என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.