"சோறு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறான்

கேள்வி: இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல விரும்பும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று வழக்கப்படுத்தினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் தினமும் "சோறு" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறான். மாமியாரோ, "வீட்டு மனுஷாளுக்குள்ளே நன்றி எதற்கு?" என்கிறார். இதைத் தொடரலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகத் தொடரலாம், ஆனால் கேள்வியை மாற்றுங்கள். "எதற்கு நன்றி?" என்று தினமும் கேட்டால், அந்த வயதுப் பிள்ளைக்கு அது வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலத்தான் இருக்கும். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பிரிவினர், ஒரு வாரம் இரவுதோறும் அன்று நல்லபடியாக நடந்த 3 விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதினார்கள். அதன் பலன் ஆறு மாதங்களுக்குப் பிறகும் தெரிந்தது. இதில் அந்த "ஏன்" என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். "சோறு" என்றவனிடம், "இன்றைக்கு எது பிடித்திருந்தது, அதைச் செய்தது யார்?" என்று கேட்டுப் பாருங்கள்; காலையிலேயே புளியை ஊறவைத்து, சுண்டைக்காய் வற்றலைப் பக்குவமாக வறுத்த பாட்டி தானாகவே பேச்சில் வந்துவிடுவார்.

மாமியாரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுங்கள்" என்று தட்டை நீட்டுவதிலேயே நன்றி அடங்கிவிடும். ஆகவே அவரைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், உடன் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தினமும் என்பது சலிப்புத் தட்டினால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மகன் மதிப்பெண் குறைந்து வாடி வரும் நாளில் மட்டும் இந்தக் கேள்வியையே எடுக்காமல், அவன் புலம்புவதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.