பார்பரா பூசார்-போலி தன் ஜோடியை ஏன் அப்படி முறைத்தார்?

2006-இல் இத்தாலியின் டுரினில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், ஐஸ் டான்ஸில் (பனித்தளத்தில் சறுக்கியபடி ஜோடியாக ஆடும் நடனப் போட்டி) ஆட்டம் முடிந்ததும் பார்பரா தன் ஜோடி மௌரிசியோ மர்காலியோவை முறைத்தபடி நின்ற காட்சியைக் கேட்கிறீர்கள். காரணம் புரிய, கொஞ்சம் முன்கதை வேண்டும்.

2001-இல் இருவரும் வான்கூவரில் உலகப் பட்டம் வென்றார்கள். ஐஸ் டான்ஸ் உள்ளிட்ட பனிச்சறுக்கு நடனப் போட்டிகளான ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இத்தாலிக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். 2002 ஒலிம்பிக்கில் வெண்கலம். அதோடு போட்டிகளை விட்டவர்கள், ஒலிம்பிக் சொந்த நாட்டுக்கே வருகிறதே என்று 2006-இல் திரும்பி வந்தார்கள்.

முதல் சுற்றில் முதலிடம்! இரண்டாவது சுற்றில், ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், பார்பராவைத் தூக்கிச் சுழன்ற மர்காலியோ நிலைதடுமாறினார். இருவரும் விழுந்தார்கள். ஐஸ் டான்ஸில் பெரிய தாவல்கள் கிடையாது. அதனால் விழுந்தால் பளிச்சென்று தெரியும். இசை நின்ற பிறகும் பார்பரா மர்காலியோ மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை, பேசவும் இல்லை. பதக்கம் நழுவிய கோபமாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் கடைசிச் சுற்று முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கிடைத்தது ஆறாம் இடம்.

அப்புறம் பார்பரா பயிற்சியாளர் ஆனார். 2023-இல் ஐரோப்பியப் பட்டம் வென்ற ஷார்லீன் கினார், மார்கோ ஃபாப்ரி ஜோடி அவரிடம் தயாரானவர்கள்தான்.